கெட்டுப்போன சொல்

தோல் மண்டியில் கட்டிக் கிடந்த நாய்
பேர்ணாம்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது
அதற்கு ஒரு சொல் நன்றாகத் தெரிந்திருந்தது.
வா.

வா என்றால்
வயிற்றை மண்ணில் தேய்த்துக்கொண்டே வரும்.
வந்து நின்று, அடி விழுமுன்பே
சிறுநீர் விட்டுவிடும்.
மண்டிக்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான்
பெல்ட்டை எடுத்திருக்கிறார்.
கூப்பிட்டால் வருகிற நாயை அடிப்பது சுலபம்.

பட்டாணி என்று பேர் வைத்தோம்.
பேரை ஏற்றுக்கொண்டது. என் கையைத்தான் ஏற்கவில்லை.
ஆம்பூர் கம்பெனியில் காலை முதல்
ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கை.
எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும்
நகத்தடியில் பெல்ட்டின் வாசனை.
நான் சோற்றுத்தட்டை வைத்துவிட்டுத்
தெருமுனை வரை போனால்தான் சாப்பிடும்.

ஐந்தாம் நாள் கழுவுவதை நிறுத்தினேன்.
அதே கை, அதே வாசனை,
அதன் நடுவில் அவித்த கோழி ஈரல்,
சுண்டுவிரல் நகம் அளவு.
தரையோடு தரையாக நீட்டி
முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.
பால் பாக்கெட் போடுகிறவர் கேட்டார்,
"என்னம்மா, பிச்சை எடுக்கிறியா?"
ஆமாம் என்றேன்.

மாசக் கடைசியில் ஈரலுக்குக் காசில்லை, மல்லாட்டை.
அதற்கும் வந்தது.

உட்கார வைக்க எங்கள் சந்தில் மூன்று பாஷை.
நான் உக்காரு, என் பையன் சிட்,
மதிலுக்கு மேலிருந்து மெஹரு அக்கா பைட், பைட்.
பத்திர ஆபீசில் எந்த ஜன்னல் என்று தெரியாத ஆள் மாதிரி
நடுவில் நின்று விழித்தது நாய்.
கடைசியில் பைட் ஜெயித்தது.
எலும்பு அக்காவிடம் இருந்தது.

பின்னங்கால் மடிந்து தரையைத் தொடுகிற
அந்த நொடியில் கொடுக்கணும்.
ஒரு மூச்சு தாமதித்தால்
எழுந்ததற்குக் கூலி கொடுத்ததாகிவிடும்.
இது எனக்குப் புதிதில்லை.
ஊசி இறங்குகிற இடத்தில்தான் தையல்,
நான் நினைத்த இடத்தில் இல்லை.

ஒருநாள் என் புதுச் செருப்பின் வாரைத் தின்றது.
ஏய் என்று கையை ஓங்கிவிட்டேன்.
அடிக்கவில்லை. ஓங்கினேன், அவ்வளவுதான்.
தரையெல்லாம் ஈரம்.
மூன்று வாரத் தையல், ஒரே இழுப்பில்.
துணி போட்டுத் துடைத்துவிட்டு
மறுபடி தரையில் உட்கார்ந்தேன்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வா மட்டும் சரியாகவே இல்லை.
எத்தனை ஈரல் வைத்தாலும்
அந்தச் சொல்லுக்குள் பெல்ட் இருந்தது.
விட்டுவிட்டேன்.
யாரும் யாரையும் அடிக்கும் முன் சொல்லியிராத
ஒரு சொல் வேண்டியிருந்தது.
நூல்.

பாலாற்றில் தண்ணீர் இல்லாத ஒரு சாயங்காலம்
மணல் குழியில் பிளாஸ்டிக் பையைத் துரத்திக்கொண்டிருந்தது.
நூல், என்றேன், உரக்கக்கூட இல்லை.
காது திரும்பியது. பிறகு தலை. பிறகு முழு நாய்.
வயிறு தரையில் படாமல்
நாலு காலில் ஓடி வந்தது.
முழங்கையில் எச்சில் ஒழுக
நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அன்று ராத்திரி கரண்ட் போனது.
மெழுகுவத்தி எங்கே என்று கேட்க
"லோகேஸ்வரன்" என்று கூப்பிட்டேன்.
உள்ளறையிலிருந்து
சுவரை ஒட்டி ஒட்டி வந்தான் என் பையன்.
வரும்போதே சொன்னான், "நான் இல்லம்மா."

லோகு என்றால் சோறு, லோகு என்றால் கடைக்குப் போ.
முழுப்பேரை நான் எடுத்ததெல்லாம்
மார்க் ஷீட் அன்றைக்கும்
அவன் அப்பா மேல் இருந்த கோபத்துக்கும்தான்.
பதிமூன்று வருஷம்.
நாய்க்கு வேறு சொல் தேடிக் கொடுத்தேன்.
பிள்ளைக்குப் பேரை மாற்ற முடியாது.

மறுநாள் காலை ஆம்லெட் போட்டுக்கொண்டே
"லோகேஸ்வரன்" என்றேன்.
"என்ன செஞ்சேன்?"
"ஒண்ணுமில்ல. தட்டை எடு."
தட்டை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

இன்றைக்குப் பதினோராம் நாள்.
சமையல்கட்டுப் படி வரைக்கும் வந்திருக்கிறான்.
நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு
முகத்தைத் திருப்பியே வைத்திருக்கிறேன்.
பட்டாணி மட்டும்
யாரும் பைட் சொல்லாமலே
அவன் காலடியில் உட்கார்ந்து
இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறது.