கொண்டையில் தீக்குச்சி

கலேவா படகுத்துறையில் கம்பெனியின் கடைசி நீராவிப் படகு
எரிந்துகொண்டிருந்தது.
அந்த வெளிச்சத்தில்தான் மூட்டை கட்டினோம்.

பதினொரு வருஷம் நான் ஸ்டோர் கிளார்க்.
எந்தப் பெட்டி எத்தனை ராத்தல்,
எது அடியில், எது மேலே,
மண்ணெண்ணெய் டின்னோடு அரிசி சேரலாமா கூடாதா,
எல்லாம் விரல்நுனியில்.
ஆனால் படகுக்குத் தோள் கிடையாது.
மேட்டில் அதற்கு மூச்சிரைக்காது.

காவடித் தண்டுதான் சரி என்றார் சவரிராயன்.
இரண்டு பக்கமும் சமம், நடைக்கு ஒரு தாளம் வரும்.
"தமு வரைக்கும் தார்ரோடா போட்டிருக்கு?
மூங்கில் புதரில் தண்டு குறுக்கே மாட்டினால்
தாளம் என்ன ஆகும்?" என்றாள் அருளாயி.
என் மனைவி. என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள்,
சம்பளம் மட்டும் எனக்கு.

தலைச்சுமைக்குச் சும்மாடு போதும், உண்மைதான்.
ஆனால் சேற்றில் நடப்பவன்
காலைப் பார்க்க வேண்டாமா?
தலையில் பாரம் இருப்பவன்
தூரத்தைத்தான் பார்க்கிறான்.

சின் மலைக்காரர் ஒருவர்
கூடையை இறக்கிக் கொடுத்தார்.
பட்டை நெற்றியில், பாரம் முதுகில், கைகள் இரண்டும் சும்மா.
பத்தடி நடந்தேன்.
அவருடையது மலையேறிய கழுத்து,
என்னுடையது லெட்ஜரில் குனிந்த கழுத்து.
அவர் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி.

கடைசியில் கோணிச்சாக்கு.
தராசின் கான்வாஸ் பட்டையை அறுத்து
இரண்டு தோளுக்கும் வார் தைத்தேன்.
என் முதுகில் கம்பெனி முத்திரை,
கீழே சிவப்பு மையில்: நனையக் கூடாது.

"சாக்கே போய்விட்டால்?"

சேதாரம் என்று ஒரு பத்தி உண்டு லெட்ஜரில்.
நூற்றுக்கு மூன்று எழுதலாம், கேட்க மாட்டார்கள்.
நூற்றுக்கு நூறு
நான் எழுதியதில்லை.

சாக்கை அவிழ்த்துக் கொட்டினாள்.
கத்தி என் இடுப்புக்கு வந்தது.
உப்பு, மூங்கில் கணுவில் அடைபட்டு,
கயிற்றோடு கழுத்துக்கு.
தீக்குச்சிகளை மெழுகில் முக்கி
எண்ணெய்த் துணியில் சுற்றித்
தன் கொண்டைக்குள் செருகிக்கொண்டாள்.
"ஆறு கழுத்து வரைக்கும் வரட்டும்.
கொண்டைக்கு மேலே வந்தால்
தீக்குச்சி எதற்கு?"

கொய்னா மாத்திரை பதினைந்து.
எட்டை என் வேட்டி மடிப்பில் முடிந்தாள்,
ஏழைத் தன் முந்தானையில்.
ஒரே இடத்தில் இருக்கட்டுமே,
நாம்தான் ஒன்றாகப் போகிறோமே என்றேன்.
முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள்,
பதில் இல்லை.
அவள் எதை எண்ணிப் பிரித்தாள் என்பது
எனக்குப் புரிய
ஒரு பர்லாங்கு நடக்க வேண்டியிருந்தது.

கபோ பள்ளத்தாக்கில் வழியெல்லாம் சாமான்.
தையல் மிஷின், ஆர்மோனியம்,
யாரோ அதுவரை சுமந்த அம்மிக்குழவி.
பழக்கதோஷம், எண்ணிக்கொண்டே போனேன்.
சவரிராயனின் தண்டையும் பார்த்தேன்,
ஒரு பக்கம் மட்டும் கட்டியபடி.
அவரைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மழை.
பெயர் தெரியாத ஓடை மார்பு வரைக்கும் வந்து
சாக்கை இழுத்தது.
ஒரு தோள் வாரை நான் உதற,
மறு வாரை அருளாயி கத்தியால் அறுத்தாள்.
முத்திரை கொஞ்ச தூரம் தெரிந்தது.
ரசீது எழுத ஆளில்லை.

அன்றிரவு ஒரு தேக்குமரத்தடியில்
கொண்டையை அவிழ்த்தாள்.
முதல் குச்சி இல்லை.
இரண்டாவதும்.
மூன்றாவதைத் தேய்க்குமுன்
கையை என் சட்டைக்குள் விட்டுத்
துடைத்துக்கொண்டாள்.