உறுதியான இடம்

இந்த வாரம் முதலாம் பாடம் என் முறை.
வெள்ளி இரவே வாசித்துப் பார்த்தேன்,
புளியந்தோப்பு வீட்டில் கரண்ட் போன அரைமணியில்,
செல்போன் வெளிச்சத்தில்.

எருசலேமில் ஓர் அரண்மனைப் பொக்கிஷக்காரன்.
உயிரோடிருக்கும்போதே உயரத்தில் பாறை பார்த்துத்
தனக்குக் கல்லறை வெட்டிக்கொள்கிறான்.
யாரைக் கேட்டு வெட்டுகிறாய் என்று
தீர்க்கதரிசி போய் நிற்கிறார்.

அருமைநாயகம் அண்ணன் ஞாபகம் வராமல் என்ன செய்யும்.
எங்கள் சபைப் பொருளாளர்.
கீழ்ப்பாக்கத்தில் புதைக்க இடமில்லை என்றார்கள்;
பதினான்கு வருடம் முடிந்ததா என்று ரசீது பார்த்து
மாமனார் குழியைத் திறந்துதான் மாமியாரை வைத்தோம்.
அவருக்கு மட்டும் வேப்பமரத்தடியில்
கறுப்பு கிரானைட். பெயர் வெட்டி,
பிறந்த தேதி வெட்டி, ஒரு கோடு இழுத்து,
மிச்சம் காலி.

எந்த வரியில் நிறுத்தி
மூன்றாம் பெஞ்சைப் பார்க்க வேண்டும் என்று
பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

அவனைப் பந்துபோல் சுருட்டி எறிகிறார் கடவுள்.
அந்த இடத்துக்கு நல்லவன் ஒருவன் வருகிறான்,
தோளில் சாவியோடு.
உறுதியான இடத்தில் அடித்த ஆணி.
வீட்டார் எல்லாரும் கொண்டுவந்து மாட்டுகிறார்கள்,
கிண்ணம், குடம், சின்னதும் பெரியதும்.

இதோடு முடியும் என்று நினைத்தேன்.
ப்யூலா டீச்சரின் பெயரை
அடுத்த தேர்தலுக்கு வீடுவீடாகச் சொல்லிவருகிறவள் நான்.
காணிக்கைப் பையை எண்ணிவிட்டுக்
கையைக் கழுவுகிற மனுஷி அவர்.
விதவைப் பணம், விடுதிப் பையன்கள், ஒழுகும் கூரை,
எல்லாவற்றையும் இப்போதே அவர்மேல் மாட்டிவிட்டோம்.
எங்கள் அணி.
அணிக்கும் ஆணிக்கும் ஒரு மாத்திரைதான் தூரம்.

பக்கத்தைத் திருப்பினால் இன்னும் ஒரு வசனம்.
அந்த ஆணியும் பிடுங்கிக்கொள்ளும்.
நல்ல ஆணிதான். அதுவும்.

கரண்ட் வந்தது.
எதிர்ச் சுவரில் எங்கள் வீட்டு ஆணி:
காலண்டர், குடை, ஸ்டான்லியின் ஐ.சி.எஃப். அடையாள அட்டை,
மஞ்சப்பை, அதற்குள் இன்னொரு மஞ்சப்பை.
போன ஐப்பசி மழையில், உப்புப் பூத்த சுவரிலிருந்து
மொத்தமாய் ஒருமுறை விழுந்தது.
"ஆணியை ஏன் திட்டுற,
இத்தனையும் ஒண்ணுலயா மாட்டுவாங்க" என்று
இரண்டங்குலம் தள்ளி அதையே அடித்தார்.
மறுபடி அத்தனையும் மாட்டினேன்.

பென்சில் கோட்டை அழித்தேன். முழுதும் அழியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலை நிமிராமல் வாசித்தேன்.
கடைசி வசனத்தில் குரல் கொஞ்சம் தடுக்கியது.
வெளியே, வண்டி நிறுத்தும் இடத்தில்,
அருமைநாயகம் அண்ணன் பிடித்துக்கொண்டார்:
"நல்லா வாசிச்சேம்மா. மைக் வயர்தான் கால்ல இடறுது.
சுவத்துல ஒரு ஆணி அடிக்கச் சொல்றேன்."