கட்டம் இல்லாத விசேசம்

மனுவில் கேட்டிருந்தார்கள்: விசேசத்தின் பெயர்.
கல்யாணம், காதுகுத்து, தெரட்டி, கோயில் நோம்பி.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம்.
"கடன் முடிஞ்சதுங்க" என்றேன்.
ரைட்டரம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
"அதுக்குக் கட்டம் இல்லீங்களே" என்றாள்.

பதினொரு பேர் நாங்கள்.
ஓவர்லாக் மூவர், செக்கிங் நால்வர்,
பிசிறு வெட்டும் நானும் மயிலாத்தாளும்,
இட்லி மாவு விற்கிற பரிமளம்,
மிசினையே விற்றுவிட்ட ருக்மணி.
நூற்றி நாலு செவ்வாய்க்கிழமை கட்டினோம்.
ஒருத்தி கட்டாவிட்டால் மீதிப் பத்துப் பேரும்
சீலை முடிச்சை அவிழ்க்க வேண்டும். அப்படியொரு குழு.

ராயர்தோட்டம் மூணாவது வீதியில்
எங்க பொடக்காலியைப் பெரிதாக நினைக்க வேண்டாம்.
துவைக்கிற கல், தண்ணித் தொட்டி, பாதி வெட்டிய முருங்கை.
செப்டிக் டேங்க் மூடிமேல் பொட்டியை வைத்தால்
பதினொரு பேர் இடித்துக்கொண்டு ஆடலாம்.
கடைசித் தவணை கட்டுகிற ராத்திரி
ஒரே ஒரு பொட்டி, பதினொரு மணி வரைக்கும்.
கேட்டது அவ்வளவுதான்.

"பத்துக்கு மேலே ஆகாதுங்க. குடியிருக்கற ஏரியா.
ராத்திரிக்கு நாப்பத்தஞ்சு டெசிபல்."
நாப்பத்தஞ்சுன்னா எவ்வளவுங்க என்றேன்.
"நாம இப்பப் பேசறதே அதுக்கு மேலேதான்"
என்று குரலைத் தணித்துக்கொண்டாள்.

யார் யாருக்கு விலக்கு என்பது எனக்குத் தெரியும்.
போன சித்திரையில் எதிர்வீட்டு சம்பத்குமார் போர் போட்டார்.
திருச்செங்கோட்டு வண்டி, ரெண்டு ராத்திரி,
ஆயிரத்து இருநூறு அடி, புகைதான் வந்தது.
தண்ணிக்கென்றால் யார் என்ன சொல்வது?
ஓட்டுக் கேட்கிற ஆட்டோ கடிகாரம் கட்டுவதில்லை.
பின்வீதி நிட்டிங் ஷெட்
ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சு விடும்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமைகள்.
காலை ஏழுக்கு வசூல் பையன்
வண்டியை அணைக்காமல் கேட்டில் நின்று
பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.
பெயர், தொகை, எத்தனை நாள் பாக்கி.
ஒருதரம் ருக்மணி கக்கூசுக்குள் இருந்துகொண்டாள்.
அவள் மகன் பள்ளிக்கூடச் சட்டையோடு வந்து
"அம்மா ஊருக்குப் போயிருக்குதுங்க" என்றான்.
வீதியே பல் விளக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டது.
அதை அளக்க ஒரு கருவியும் வரவில்லை.
காலை ஏழு, சட்டப்படி பகல்.

இதையெல்லாம் ரைட்டரம்மாவிடம் சொல்லவில்லை.
அவளாகவே காதுகுத்துக் கட்டத்தில் டிக் அடித்தாள்.
"யாருக்குன்னு எழுதட்டும்?"
"பதினொருத்திக்கும்."
சிரிக்காமல் எழுதினாள்.
பத்து மணி, ஒரு நிமிசம் கூடக் கிடையாது.

அரிசிம்பருப்புச் சோறு, அப்பளம், பரிமளம் கொண்டுவந்த கேசரி.
கதிர்வேலின் பொட்டி ஏழரைக்குத் தொண்டையைத் திறந்தது.
பத்தடிக்க நாங்களே பிளக்கைப் பிடுங்கினோம்.
கால்தான் நிற்கவில்லை.
சிமெண்டில் வெறுங்கால், யாருடையதோ கொலுசு,
மயிலாத்தாளுக்கு இரைப்பு.
பாட்டு அவரவர் வாய்க்குள்.
தப்பான இடத்தில் ஒருத்தி கைதட்டிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பத்தே காலுக்கு சம்பத்குமார் போன் போட்டிருக்கிறார்.
வந்த ஏட்டு சுவரோரம் கருவியை நீட்டினார்.
அறுபத்தொண்ணு.
"ஆடாம நில்லுங்க எல்லாரும்."
நின்றோம், கேசரித் தட்டோடு, மூச்சைப் பிடித்து.
அறுபது.
பின்வீதி ஷெட் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஏட்டு கருவியைத் தட்டிப் பார்த்தார்,
ஷெட் இருந்த பக்கம் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.
ருக்மணிதான் கேட்டாள்:
"அப்ப அந்த ஒண்ணு எங்களுதுங்களா?"