இடக்காதில் நாற்பதடி

ஞாயிறு மதியம் கடலை விட்டு ஏறினேன்.
திங்கள் இரவு, முனிச்சாலை வீட்டில்,
என் இடக்காது மட்டும் இன்னும் ஏறி வரவில்லை.

எச்சில் விழுங்கினால் உள்ளே யாரோ
தீப்பெட்டியைத் திறந்து மூடுகிறார்கள்.
மஞ்சுளா பேசுவது
பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்கிறது.
அதில் ஒரு வசதி இருந்தது, சாயங்காலம்வரை.

அப்புறம் முழங்கை.
அப்புறம் சுண்டுவிரல் நுனியில்
சர்க்கரை டப்பாவுக்கு வழி தெரிந்த எறும்புகள்.

எசென்ஸ் கம்பெனிக்காரன் ஏஜென்ட் கூட்டத்தில்
குலுக்கலில் எடுத்துக் கொடுத்த சீட்டு அது.
மிக்ஸியாவது விழுந்திருக்கலாம்.
ராமேஸ்வரம் பக்கம் ஒரு படகு,
முதுகில் சிலிண்டர்,
நாற்பத்தாறு வயதில், வைகையில்கூட முங்கிக் குளித்திராதவன்
நாற்பதடி இறங்கினேன்.

மணி இரண்டு.
போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு
ஒவ்வொன்றாய்ப் படிக்கிறேன்.
மூன்றாம் பக்கத்தில் எனக்குப் பக்கவாதம்.
நான்காம் பக்கத்தில் பிழைத்துக்கொண்டேன்.
ஐந்தாம் பக்கம் சொன்னது:
அறிகுறி இருந்தால் உயரம் ஏறாதே. விமானம் வேண்டாம், மலை வேண்டாம்.

விடிகாலை ஐந்தரைக்குக் கொடைக்கானல் வேன்.
கொழுந்தியா குடும்பத்தோடு பதினோரு பேர்.
புளிக்காய்ச்சல் இறக்கி ஆறிக்கொண்டிருக்கிறது.

“நான் வரல” என்றேன் இருட்டில்.
“காதுல தண்ணி போனதுக்கா?”
“ரத்தத்துல காத்து போயிருக்கலாம்.”
அவள் லைட்டைப் போட்டாள்.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில்
நாய்க்கடி ஒன்று, மண்டை உடைந்த குடிகாரர் ஒருவர், நான்.
எப்படி நேர்ந்தது என்ற கட்டத்தில்
பேனாவை நிறுத்தினார் எழுதுகிறவர்.
“கடலுக்குள்ளயா? மீனவரா?”
“சோடா கம்பெனி.”
பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
வலக்காதில் கேட்டது.

டாக்டர் ஹெப்சிபாவுக்கு என் மகள் வயது இருக்கும்.
எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை முறை,
மேலே வரும்போது நிதானமாகவா என்று கேட்டார்.
கடைசிக் கேள்விக்கு நான் மஞ்சுளாவைப் பார்த்தேன்.
“பயந்துட்டேன். கொஞ்சம் வேகமா.”

“ஒரு சோடா பாட்டிலைத் திடீர்னு திறந்தா...” என்று ஆரம்பித்தவர்
சீட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
இருபத்திரண்டு வருஷம்
வாயுவைத் தண்ணீருக்குள் அமுக்கி அடைப்பதுதான் என் பிழைப்பு.
இன்று மூடி நானே.

காதுக்குள் விளக்கடித்தார். சவ்வு சிவந்திருக்கிறதாம், கிழியவில்லையாம்.
“நேத்து எத்தனை பெட்டி தூக்கினீங்க?”
“அறுபது.”
முழங்கையை அந்தக் கணக்கில் பாதி எழுதினார்.
விரலுக்குக் கணக்கு அகப்படவில்லை.
கப்பற்படை ஆஸ்பத்திரியில் இருக்கும் சீனியர் ஒருவரை
அந்நேரத்துக்கு எழுப்பி
“சார், மதுரையில இருந்து” என்று இரண்டு முறை சொன்னார்.

வராந்தாவில் நேர்கோட்டில் நடக்கச் சொன்னார்,
குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி.
குடிகாரர் கட்டுப்போட்ட தலையோடு கைதட்டினார்,
தன்னால் முடியாததை வேறொருவன் செய்கிறான் என்று.

பிறகு ஆக்சிஜன்.
அதே ரப்பர் வாசனை,
அதே குழாய், இந்த முறை கரையில்.
கண்ணை மூடினேன்.

“அங்க என்ன பாத்தீங்க?”

ரெண்டு நாளாய் யாரும் கேட்கவில்லை.
போகாதே என்றார்கள், போனாயா என்றார்கள்,
எவ்வளவு செலவு என்றார்கள்.
மாஸ்கைக் கொஞ்சம் விலக்கினேன்.
“ஒரு மஞ்ச மீன். கைல கட்டியிருந்த கயித்தக் கொத்திப் பாத்துச்சு.”
“அப்புறம்?”
“மெஷின் சத்தம் இல்ல டாக்டர்.
என் மூச்சு மட்டும்தான் கேட்டுச்சு. அது எனக்கே புதுசு.”

மாஸ்கைத் திரும்பப் பொருத்திவிட்டு
விரல் மரத்தால் உடனே சொல்லுங்கள்,
பெட்டி தூக்காதீர்கள், மலை பக்கமே போகாதீர்கள்,
எட்டு மணிக்குப் பெரிய டாக்டர் வருவார் என்றார்.

ஐந்தரைக்கு வேன் போயிருக்கும்.
மஞ்சுளா போகவில்லை.
இடப்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து
வெகுநேரமாய் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.
தலையணையில் முகத்தைப் புரட்டி
வலக்காதை அவளிடம் கொடுத்தேன்.