ஆற்றுக்கு மேலே ஒன்பது மணி நேரம்

மின்சாரம் போனபோது
பெட்டி ஒருமுறை தலையாட்டிவிட்டு நின்றது.
கீழே குவிரிலா ஆறு,
மாங்கனீசு கழுவிய கறுப்பில்.
மேலே சுரங்க மேடு.
நடுவில் கம்பியில் நாங்கள் நால்வர்,
ஒரு தகர சோப்புப் பெட்டிக்குள்.
சியாத்துராவில் அந்தக் குளிர்காலம்
மின்சாரம் போவது செய்தியே அல்ல.
திரும்பி வந்தால்தான் செய்தி.

நான் பெட்டியின் பணிப்பெண்.
நீலக் கோட்டு, விசில், சாவிக்கொத்து.
கதவைப் பூட்டினேன். பூட்டியதைச் சொல்லவில்லை.
ஓசையில்லாமல் பூட்டுவது சின்ன வயதுப் பழக்கம்.

முதலில் உடைந்தவன் ஜும்பேர்.
மண்சரிவில் பத்தொன்பது மணி நேரம் புதைந்து கிடந்து
வெளியே வந்ததும் சிகரெட் கேட்டானென்று
ஊரே சொல்லும் ஜும்பேர்.
இருட்டு அவனுக்குத் தெரியும்.
தலைமேல் இறங்கும் கூரை தெரியும்.
காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாததை
எந்தச் சுரங்கமும் அவனுக்குக் காட்டவில்லை.
தரையில் குப்புறப் படுத்துத்
தகரத்தின் ஆணித் தலைகளை விரலால் எண்ணினான்.
முப்பத்தெட்டு.
மறுபடியும் முப்பத்தெட்டு.

பொறியாளர் வலேரியன் நல்ல வீட்டுப் பிள்ளை.
இரவில் அழுதால்
விளக்கோடு யாராவது வந்த வீடு.
"வருவார்கள்" என்றார்.
கையுறையை மடித்துத் தலைக்கு வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டார்.
சிரிக்காதீர்கள்.
கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது.
அந்த நம்பிக்கையை நான் எங்கே போய் வாங்குவது,
எந்தக் கடையில், எந்த வரிசையில் நின்று?

நான்காமவள் எதெரி.
சுகுமியில் வீடு இருந்தவள்.
போர் துரத்த, பனிக் கணவாயை நடந்து கடந்தவள்.
யாரையும் எதுவும் கேட்கவில்லை.
பையிலிருந்த துணியெல்லாம்
ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தினாள்.
செய்தித்தாளைக் கசக்கிக்
காலணிக்குள் திணித்தாள்.
ரொட்டியைப் பிட்டு
ஒரு பாதியை நான்கு துண்டாக்கினாள்.
மறுபாதி எங்கே போனதென்று நான் பார்க்கவில்லை.

நடுநிசி தாண்டி
வலேரியனின் மூச்சு மெலிந்தபோது
அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.
பெட்டியே ஆடியது.
"தூங்காதே.
தூங்கினவர்களை நாங்கள் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்."
அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விழித்தார்,
புரியாத பாஷையில் யாரோ பேசியதுபோல.
எனக்கு அந்தப் பாஷை தெரியும்.
கணக்கில்லாமல் வாங்கியிருக்கிறேன்.
ஆனால் ஒருவர் உயிரோடு இருக்கட்டும் என்று விழுந்த அறையை
அன்றுதான் பார்த்தேன்.

நான் என்ன செய்தேன்?
கேட்டுக்கொண்டிருந்தேன்.
அப்பா படியேறும் ஓசையில்
இன்றைக்கு எத்தனை கோப்பை, யார் முதுகு என்று
ஐந்து வயதில் படித்தவள்.
கம்பியின் முனகலைப் படிப்பதா கடினம்?
இது காற்று.
இது குளிரில் இரும்பு சுருங்குவது.
இது... பொறு... இதுவும் காற்றுதான்.
"ஒன்றுமில்லை" என்று
ஜும்பேரின் முதுகில் கைவைத்துச் சொன்னேன்,
அலமாரிக்குள் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு
சொன்ன அதே குரலில்.
கை நடுங்கவில்லை.
மேலாளர் பிறகு பதிவேட்டில்
அதைத் தைரியம் என்று எழுதினார்.
எழுதிக்கொள்ளட்டும்.

விடிவதற்கு முன் கைச்சக்கரம் சுற்றி
அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள்.
நிலையத்தில் முன்பின் தெரியாத ஒரு பையன்
தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டு
"குளிர்கிறதா அக்கா?" என்றான்.
அவ்வளவுதான்.
முழங்கால் மடங்கிச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
பல் கிட்டியது. சாவிக்கொத்து
என் கையில் தானாகக் கிலுகிலுத்தது.
கம்பி அறுந்திருந்தால் என்ன செய்வதென்று
எனக்குத் தெரிந்திருக்கும்.
கோட்டை என்ன செய்வது?

மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது.
ஜும்பேர் வரவில்லை.
மலைப்படியில் அவன் தொப்பி
ஒரு புள்ளியாக ஏறிக்கொண்டிருந்தது.
பெட்டியைப் பெருக்கினேன்.
இருக்கைக்கு அடியில், கம்பளி நூலால் கட்டி,
கல்லாக இறுகிய பாதி ரொட்டி.
அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டு
விசில் ஊதினேன்.