களனித் தண்ணி நிறம்

லூர்து கடையில் எலும்புக்குக் காசு வாங்குவதில்லை.
"நாய்க்கா?" என்றார்.
ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.
மூன்று கிலோ. பன்றிக்கால், நடுவே பிளந்தது.
ஞானஒளிவுபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில்
ஜவுளிக்கடை மஞ்சள் பை மடியில் ஈரமாக,
பக்கத்தில் இருந்தவள் சேலையை ஒதுக்கிக்கொண்டாள்.

முதல் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும்.
யாரும் சொல்லித் தரவில்லை.
ஃபுகுவோகாவில் முதியோர் இல்லத்துக்கு
வேலைக்குப் போகும் வழியில் ஒரு ராமென் கடை,
விடியலில் அதன் பின்கதவு திறந்தே கிடக்கும்.
சாம்பல் நுரையைக் கவிழ்த்துவிட்டு
எலும்புகளைக் குழாயடியில் வைத்து
பல் தேய்க்கும் பிரஷால் தேய்ப்பான் ஒருவன்,
பிள்ளைக்குக் காதோரம் அழுக்கெடுப்பதுபோல.
என்னைப் பார்ப்பான். நானும் பார்ப்பேன்.
மூன்று வருடம்,
ஒரு வணக்கம்கூட வைத்துக்கொண்டதில்லை.

நானும் தேய்த்தேன்.
பெஸ்கியின் பிரஷ்.
பூசை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

நம்மூர்க் கால் சூப் வேறு.
அதைத் தணலில் விட்டு ஊர்க்கதை பேசலாம்,
மிளகு மிதக்கத் தெளிந்து நிற்கும்.
இதற்குத் தணல் ஆகாது.
தளதளவென்று கொதிக்க வேண்டும், நாள் பூராவும்.
எலும்போடு எலும்பு முட்டுவது கேட்க வேண்டும்.
"குக்கர்ல எட்டு விசில் விட்டா முடிஞ்சு போச்சு,
இதுக்குப் போயி..." என்றாள் எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி
மூக்கைப் பொத்திக்கொண்டு.

வற்ற வற்ற வெந்நீர் விட்டேன்.
பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கிப்போகும்.
பன்னிரண்டு மணிக்கு மங்கின டீ நிறம்.
இரண்டு மணிக்கும் அதேதான்.
மூன்றேகாலுக்கு சிலிண்டர் தீர்ந்தது.

அடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
தொட்டியில் கிடந்த பிரஷைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்காமல் பானையைத் தூக்கினான்.
மொட்டைமாடியில் மூன்று செங்கல்,
ஆப்பிள் பெட்டிப் பலகை.
சித்திரை வெயிலில் தீ கண்ணுக்கே தெரியவில்லை,
சூடு மட்டும் தெரிந்தது.

எப்படி ஆரம்பித்தது என்று நினைவில்லை.
"நான் அனுப்புன பணம் எங்க?" என்று நான்தான் கேட்டிருப்பேன்.
வெள்ளைச்சாமி சீட்டு, என்றான்.
ஆள் ஓடிப்போய் ஒன்றரை வருடம்.
"போன்ல நீ சிரிச்சுக்கிட்டே இருந்தே.
நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னே.
அதுல எங்கிட்டுப் போயி இதச் சொல்றது?"

நான் சிரித்தேனா.
ஐந்தாம் மாதமே திரும்பிவிட நினைத்ததை
நானும் சொல்லியிருக்கவில்லை.
சொன்னேன், கத்தித்தான் சொன்னேன்.
பாண்டிச்செல்வி வீட்டு டிவி சத்தம் குறைந்தது.
இடையிடையே இருவரில் ஒருவர்
பலகையை உடைத்துச் செருகிக்கொண்டோம்.
கொதி நிற்கக் கூடாது,
அதில் மட்டும் எங்களுக்குள் தகராறு இல்லை.

ஏழு மணி இருக்கும்.
கரண்டி விட்டுக் கலக்கியவன்
"ஏய், இங்க பாரு" என்றான்.
களனித் தண்ணி நிறம்.
உதட்டில் பட்டால் பசை.
அந்தப் பின்கதவின் நிறமா என்றால்
சத்தியம் செய்ய மாட்டேன்,
டார்ச் வெளிச்சத்தில் எல்லாமே வெள்ளைதான்.

உப்பு. நல்லெண்ணெயில் கருகவிட்ட பூண்டு.
சோடா உப்புப் போட்டுப் பிசைந்த மாவு
வெட்டின இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு
கடைசியில் கஞ்சியாகிப்போனது.
அவன் போய் முக்குக் கடையில்
நாலு பரோட்டா வாங்கி வந்தான்.
பிய்த்துப் போட்டு ஊற்றினோம்.
"சால்னாவே தேவலை" என்றான்,
இரண்டாம் முறை ஊற்றச் சொல்லிக்கொண்டே.

எலும்பு நகம் பட்டாலே பொடிந்தது.
லூர்திடம் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாமென்று
தெருமுனைச் செவலைக்குக் கொண்டுபோய் வைத்தேன்.
முகர்ந்து பார்த்தது.
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது.
அதில் எதுவும் மிச்சமில்லை.