குறிப்புக் கட்டம்

சீனக்குடா. காலை ஆறு இருபது.
இறக்கைக்கடியில் குந்தியிருந்து
சின்னக் கோப்பையில் எரிபொருள் பிடிக்கிறேன்.
தண்ணீர் இல்லை. துரு இல்லை.
நீலம். உள்ளே ஈயம் என்று சொல்லப் போட்ட சாயம்.

பதினாறு வருடம் இதைத் தரையில்தான் வீசினேன்.
எல்லோரும் அப்படித்தான்.
வெயில் பார்த்துக்கொள்ளும்.
"நாலைந்து குட்டி விமானம் என்ன செய்துவிடும்?" என்பார்
கூடப் பறக்கும் பல்வைத்தியர்.
கார்களில் ஈயம் நின்று இருபது வருடத்துக்கு மேல்.
நானும் தலையாட்டியிருக்கிறேன்.

போன மாதம் வெள்ளைமணலில்
ஐதுரூஸின் வலையில் ஒரு குண்டு அறுந்தது.
சுண்டுவிரல் நுனியளவு.
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
அரைமணி நேரம் காலால் துழாவினார்.
எவ்வளவு என்று கேட்டேன்.
விலையாக்கும் என்று நினைத்து ஏதோ சொன்னார்.
நான் கேட்டது நிறை.
பன்னிரண்டு கிராம்.

லீற்றருக்கு அரைக் கிராம்,
மணிக்கு இருபத்துநாலு லீற்றர்.
விரல் மடிக்கவே தேவையிருக்கவில்லை.

என் குண்டு எந்த வலையையும் தாழ்த்தாது.
பொடியாகிப்
பள்ளிக்கூட ஓட்டில், கருவாட்டுப் பாயில்,
கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில்
சத்தமில்லாமல் இறங்கும்.
ஈ என்றால் கொடு.
ஈயத்துக்குள் அந்த ஈ
எப்படி வந்து குந்தியதோ.

இன்று கோப்பையை டப்பாவில் ஊற்றி மூடினேன்.
கை சுத்தமானதுபோல் இருந்தது.
அதற்குப் பிறகு ஏறிப் பறந்தேன்.
பறக்காமலும் இருந்திருக்கலாம்.
நிலாவெளிக்கு மேலே கடல் பச்சையாகத் திறந்தபோது
வழக்கம்போல விசிலடித்தேன்,
புறாமலையை ஒருமுறை கூடுதலாகவே சுற்றினேன்.

இறங்கியபின் பதிவேடு.
நேரம்: ஒரு மணி.
குறிப்புக் கட்டத்தில் எப்போதும்
காற்று சாந்தம் என்று எழுதுவேன்.
இன்று எழுதியது:
குண்டு ஒன்று.
துழாவ இடமில்லை.